உதிரமும் உறவும் ஆலையும்

ஒரு வீட்டில் பிள்ளைக்கோ உழைக்கும் வயதில் இருக்கும் மகனுக்கோ இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் அறிவித்துவிட்டால், மறுநாளே அவ்வீட்டில் இரண்டு விசாரணைகள் தொடங்கிவிடுகின்றன. தாய்வழியில் வந்ததா, தந்தைவழியில் வந்ததா, மாமன் மகளை மணந்ததால் விளைந்ததா என்பது ஒன்று. வேலை செய்த பட்டறையின் புகையா, பூச்சு மருந்தின் வாடையா என்பது மற்றொன்று. முதல் விசாரணையில் பெரும்பாலும் பெண் குற்றவாளியாக்கப்படுகிறாள். இரண்டாவது விசாரணை, வேலை போய்விடும் என்ற அச்சத்தில் பாதியிலேயே கைவிடப்படுகிறது. இவ்விரண்டு கேள்விகளும் தனித்தனியானவை அல்ல என்பதையும், இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று நம் உயிரணுக்களுக்குள் இருக்கிறது என்பதையும் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த இடம் நச்சு நீக்கும் நொதிகளைப் படைக்கும் மரபணுக்கள். அவற்றைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் ஒன்று மிகையாக அச்சுறுத்துகின்றன, அல்லது ஒரு பரிசோதனையை விற்பனை செய்கின்றன. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்பது நலம்.

இக்கேள்வி எங்கும் எழக்கூடியதே எனினும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் அங்கே உருவாகின்றன. அண்மைக் காலத்தில் மின்வண்டியும் மின்னணுப் பாகங்களும் சேர்ந்துகொண்டன. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள், வண்ணம் தெளிக்கும் கூடங்கள், அச்சகங்கள், மெக்கானிக் கடைகள். சற்றுத் தள்ளி ரோஜாப் பண்ணைகள். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் வாணியம்பாடியும் ஆம்பூரும் வந்துவிடுகின்றன. தோலும் காலணியும் நம் சமூகத்தாருக்குப் பல தலைமுறைத் தொழில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதே வட்டாரத்தில்தான் நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமும் எல்லாச் சமூகங்களிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலும் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்கள். ஆலையும் உறவுமணமும் ஒரே நிலத்தில் இருக்கும்போது பழியை எதன் மேல் சுமத்துவது என்ற குழப்பம் இயல்பே. இவ்வட்டாரத்தில் இந்நோய் மிகுதி என்று நிறுவ இக்கட்டுரை வரவில்லை. பழி சுமத்தும் முறையைத்தான் சற்று ஆராய வருகிறது.

மனிதர் ஒவ்வொருவரின் உடலும் தனித்த இரசாயன இயல்பு உடையது என்ற கருத்தை முதலில் தெளிவாக எழுதியவர் ஆர்ச்சிபால்டு காரட் என்ற இங்கிலாந்து மருத்துவர். சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும் அல்காப்டன் நோயைப் பற்றி 1902-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, உடலில் ஒரு இரசாயனப் படி இயங்காமல் போவதே இந்நோய். மற்றொன்று, நோயுற்றோரின் பெற்றோர் பலர் உடன்பிறந்தோரின் மக்கள். நொதி, உறவுமணம் என்ற இரண்டு சொற்களும் மருத்துவ வரலாற்றில் சேர்ந்தே நுழைந்தன என்பது கவனிக்கத்தக்கது. நம் வீடுகளில் நடக்கும் முதல் விசாரணைக்கு அறிவியல் சாயல் கிடைத்ததும் அங்கிருந்துதான். ஆனால் காரட் கண்டது மிக அரிய நோய். நாம் இங்கே பேசப்போவது மிகப் பரவலான வேறுபாடு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் தவறே தொடங்குகிறது.

உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை வெளியேற்றக் கல்லீரல் இரண்டு கட்டங்களில் உழைக்கிறது. முதற்கட்டத்தில் அப்பொருளோடு உயிர்வளியைச் சேர்த்து அதை வினைபுரியத்தக்கதாக மாற்றுகிறது. இரண்டாம் கட்டத்தில் அதனோடு குளூட்டத்தயோன் போன்ற ஒரு மூலக்கூறைப் பிணைத்து, நீரில் கரையச் செய்து, சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதற்கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்குவதற்குள், பல பொருள்கள் உள்ளே வந்தபோது இருந்ததைவிடக் கொடியவையாக இருக்கின்றன. வாளை உறையிலிருந்து உருவியாகிவிட்டது, அதை வாங்கி வைப்பவர் வரவேண்டும். வாங்கி வைப்பவர் தாமதித்தால் வெட்டு விழுவது நம் மரபுப் பொருளின் மேல்தான்.

பென்சீனை எடுத்துக்கொள்வோம். 1825-இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்த இந்த எளிய திரவம், மனிதரில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள்களில் முதன்மையானது. பெட்ரோலில் இது இயல்பாகவே உண்டு. இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. வண்ணம் கரைக்கும் தின்னர் பெரும்பாலும் தொலுயீன், சைலீன் ஆகியவற்றால் ஆனது. தரமற்ற தின்னரில் பென்சீனும் கலந்திருக்கக்கூடும். மூச்சு வழியே உள்ளே சென்ற பென்சீனை, சி.ஒய்.பி.2ஈ1 என்ற கல்லீரல் நொதி பென்சீன் ஆக்சைடாக மாற்றுகிறது. அதன் ஒரு பகுதியைக் குளூட்டத்தயோன் பிணைக்கும் நொதிகள் பிடித்து வெளியேற்றுகின்றன. எஞ்சியது ஃபீனாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாறி இரத்த ஓட்டத்தில் எலும்பு மஜ்ஜையைச் சென்றடைகிறது. அங்கே மயலோபெராக்சிடேஸ் என்ற மற்றொரு நொதி அதைப் பென்சோகுயினோன் என்னும் கொடிய வடிவுக்குக் கொண்டுபோகிறது. அதைத் திரும்பவும் அடக்கி வைப்பது என்.க்யூ.ஓ.1 என்ற நொதி. இரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் தாயணுக்கள் வாழும் இடம் மஜ்ஜை. ஆகையால், இந்த இழுபறி தோற்கும்போது நோய் இரத்தத்தில் தோன்றுகிறது.

மேற்சொன்ன நொதிகள் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. குளூட்டத்தயோன் பிணைக்கும் நொதிகளில் எம்.1, டி.1 என இரண்டு முக்கியமானவை. அறிவியலார் அவற்றை ஜி.எஸ்.டி.எம்.1, ஜி.எஸ்.டி.டி.1 என்று குறிப்பர். (வரியோடு இதற்குத் தொடர்பில்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே.) முதலாவதன் மரபணு 1-ஆம் குரோமோசோமிலும் இரண்டாவதன் மரபணு 22-ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. இருக்கவேண்டும் என்பது சரி. பலரிடம் இரண்டு பிரதிகளும் முழுமையாகவே இல்லை, எழுத்துப்பிழை அல்ல, பக்கமே கிழிந்துபோன நிலை. ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எம்.1 மரபணு இல்லை. தென்னிந்திய ஆய்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த நிலையில் இருக்கிறார்கள். என்.க்யூ.ஓ.1 மரபணுவில் 609-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் உருவாகும் நொதி நிலைக்காமல் சிதைந்துவிடுகிறது. இரு பிரதிகளிலும் அம்மாற்றம் உடையவர்களிடம் இந்நொதியின் செயல் அறவே இல்லை எனலாம். அத்தகையோர் ஐரோப்பியரில் நூற்றுக்கு நால்வர் ஐவர், கிழக்காசியரில் ஏறத்தாழ இருபது பேர், நம் நாட்டவர் இடையில்.

தொழிலும் உதிரமும் எப்படிப் பிணைகின்றன என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் முஸஃபர் அக்சோய் என்ற இஸ்தான்புல் மருத்துவருக்குத் தனி இடம் உண்டு. 1950-களில் தென் துருக்கி மக்களிடையே அரிவாள் வடிவ இரத்த அணுவைக் கண்டறிந்து எழுதியவர் அவர். அதாவது, பரம்பரை நோய்களை நன்கறிந்தவர். அவரிடம் செருப்புத் தைக்கும் தொழிலாளர் அடுத்தடுத்து இரத்தப் புற்றுநோயோடு வந்தபோது, குடும்பத்தைக் குறித்து மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல் அவர்களின் பட்டறையைக் குறித்தும் கேட்டார். காற்றோட்டமற்ற சிறு அறைகளில், பென்சீன் கலந்த பசையை முகத்தருகே வைத்து அவர்கள் வேலை செய்துவந்தனர். 1974-இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட கட்டுரை, 28,500 காலணித் தொழிலாளரிடையே 1967 முதல் 1973 வரை கண்ட 26 நோயாளிகளைப் பற்றியது. இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு 13 என்பது அவர் கணித்த விகிதம். பொது மக்களிடையே 6. பசையிலிருந்து பென்சீன் நீக்கப்பட்ட பின்னர் இஸ்தான்புல்லின் செருப்புத் தொழிலாளரிடையே புதிய நோயாளிகள் குறைந்தனர். மரபணுவை யாரும் தொடவில்லை, பசை மட்டுமே மாறியது.

ஆனால் அக்சோயின் எண்களே ஒரு புதிரை எழுப்பின. ஒரே அறையில் ஒரே பசையை முகர்ந்த 28,500 பேரில் 26 பேர் மட்டும் ஏன்? இதற்கு விடையின் ஒரு பகுதி சீனாவிலிருந்து வந்தது. 1997-இல் ஷாங்காயில் பென்சீன் நச்சேறி வெள்ளணுக் குறைந்த 50 தொழிலாளரையும் அவ்வாறு பாதிக்கப்படாத 50 பேரையும் ஒப்பிட்டனர். முதற்கட்ட நொதி விரைந்து இயங்கி, என்.க்யூ.ஓ.1 அறவே இயங்காதவர்களுக்கு, இதற்கு எதிரான அமைப்பு உடையவர்களைவிட நச்சேறும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. வாள் விரைவாக உருவப்படுகிறது, வாங்கி வைப்பவர் இல்லை. 2004-இல் தியான்ஜினின் காலணி ஆலைகளில் 250 தொழிலாளரை ஆராய்ந்த மற்றொரு குழு, காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பென்சீனிலேயே வெள்ளணுக்கள் குறைவதையும், என்.க்யூ.ஓ.1, மயலோபெராக்சிடேஸ் மரபணு வேறுபாடுகள் அதைக் கூட்டிக் குறைப்பதையும் கண்டது. அமெரிக்கா 1987-இல் தொழிற்கூடங்களுக்குப் பாதுகாப்பானதென வரையறுத்த அளவே அந்த ஒரு பங்குதான். வரம்பு என்பது சராசரி மனிதனுக்காக வகுக்கப்படுகிறது. பட்டறையில் நிற்பவன் சராசரி மனிதனாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

நம் பக்கத்திலும் இக்கேள்வி ஆராயப்பட்டிருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 2004-இலும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தினர் 2008-இலும் நிணநீரணு வகை இரத்தப் புற்றுநோயுற்ற தென்னிந்திய நோயாளிகளின் மரபணுக்களை நலமுள்ளோருடன் ஒப்பிட்டு, எம்.1 மரபணு இல்லாமைக்கும் நோய்க்கும் தொடர்பிருப்பதாக எழுதினர். பெருமைப்படத்தக்க பணிகள்தாம். எனினும் இத்தகைய ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை சிறியது. சிறிய ஆய்வில் தென்படும் தொடர்பு பெரிதாகத் தோன்றுவது வழக்கம். உலகின் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பில் எம்.1 இல்லாதவருக்குக் கூடுதல் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மேலும் 2009-இல் மரபுத்தொகுதி முழுவதையும் துழாவிய இரு பெரும் ஆய்வுகள் குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையவை என முன்னிறுத்தியவை நச்சு நீக்கும் மரபணுக்களை அல்ல, வெள்ளணுக்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் வேறு மரபணுக்களை. ஆக, நச்சு நீக்கும் மரபணுக்களின் பங்கு உண்மையானது, ஆனால் சிறியது. வெளியிலிருந்து நச்சு வரும் இடத்தில்தான் அது வெளிப்படுகிறது. விளம்பரங்களில் காணும் தொனிக்கு இதில் ஆதாரம் இல்லை.

ஐந்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? மேலைநாட்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 2000 பிள்ளைகளில் ஒருவருக்குக் குழந்தைப் பருவத்தில் நிணநீரணு இரத்தப் புற்றுநோய் வருகிறது. பத்தாயிரம் பிள்ளைகளில் ஐவர். எம்.1 இல்லாத பத்தாயிரம் பிள்ளைகளில் அது ஆறு பேராகலாம். எஞ்சிய 9,994 பேரும் நலமாகவே வளர்வார்கள்.

இப்போது உறவுமணத்துக்கு வருவோம். நம் மார்க்கத்தில் தாய்மாமனை மணத்தல் விலக்கப்பட்டது. உடன்பிறந்தோரின் மக்கள் தம்முள் மணத்தல் ஆகுமானது, கட்டாயமன்று. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளை, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு பிரதிகளையும் ஒரே மூதாதையிடமிருந்து பெறும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஒரு மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 300 பேருக்கு எம்.1 மரபணு இல்லை என்று கொள்வோம். உறவில் மணந்தோரின் ஆயிரம் பிள்ளைகளில் அது எத்தனை பேராகும்? கணக்கிட்டால் 315 வருகிறது. ஏற்கெனவே பரவலாக இருக்கும் ஒன்றை உறவுமணம் அதிகம் கூட்ட முடியாது, ஏனெனில் அந்நியரை மணந்தாலும் அந்த அந்நியரிடமும் அதே குறை இருக்க வாய்ப்புண்டு. இந்தப் பதினைந்து பேருக்கு ஏற்படும் கூடுதல் வாய்ப்பைப் பிரித்துப் பார்த்தால், உறவில் மணந்தோருக்குப் பிறந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டுமே இவ்வழியில் கூடுதலாக நோய் வரும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தாயைக் குற்றம்சாட்டுவது அநியாயம் என்பதோடு, அறியாமையும் ஆகும்.

ஆனால் அரிய நோய்களில் கணக்கு வேறு, அதை மறைப்பதும் நேர்மையன்று. நூற்றில் ஒருவர் சுமக்கும் ஒரு குறையை எடுத்துக்கொண்டால், அந்நியர் மணத்தில் 40,000 பிள்ளைகளில் ஒருவருக்கு அது நோயாக வெளிப்படும். உடன்பிறந்தோர் மக்கள் மணந்தால் ஏறத்தாழ 3000 பிள்ளைகளில் ஒருவருக்கு. பதின்மூன்று மடங்கு. 1927-இல் சுவிஸ் மருத்துவர் கைடோ ஃபான்கோனி விவரித்த இரத்தசோகை இந்த வகையைச் சார்ந்தது. மஜ்ஜை படிப்படியாக வற்றி, பலருக்கு இரத்தப் புற்றுநோயில் முடியும். நச்சு நீக்கத்தின் கதை இங்கே வேறொரு வாயில் வழியே மீண்டும் நுழைகிறது. ஃபான்கோனி நோயில் பழுதாகியிருப்பது, ஆல்டிஹைடு போன்ற நச்சுகள் மரபுப் பொருளில் உண்டாக்கும் சேதத்தைச் செப்பனிடும் கருவி. ஆல்டிஹைடை அகற்றும் நொதியும் பரம்பரையாகக் குறைந்திருக்கும் ஜப்பானிய நோயாளிகளுக்கு மஜ்ஜை விரைவாக வற்றுகிறது என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே, ஒரே குடும்பத்தில் இளம்வயதில் மஜ்ஜைக் கோளாறு இருவருக்கு வந்திருந்தாலோ, பெருவிரல் குறையோடு பிறந்த பிள்ளைக்கு இரத்தம் குறைந்துகொண்டே போனாலோ, அக்குடும்பத்தில் அடுத்த உறவுமணத்துக்கு முன் மரபியல் மருத்துவரைக் காண்பது அவசியம். மற்றக் குடும்பங்கள் இரத்தப் புற்றுநோயைக் காரணம் காட்டி நிச்சயித்த மணத்தை முறிக்கத் தேவையில்லை.

குறை என்ற சொல்லையே சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். டைக்ளோரோமீத்தேன் என்ற, பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுக்கப் பயன்படும் கரைப்பானை, டி.1 நொதி வெளியேற்றுவதற்கு மாறாக மேலும் நச்சாக்கிவிடுகிறது. அவ்விடத்தில் டி.1 இல்லாதவரே பாதுகாக்கப்பட்டவர். ஒரு பட்டறையில் பலவீனமாக இருக்கும் உடல் அடுத்த பட்டறையில் வலுவுடையதாகிறது. மனிதரை இத்தகைய மரபணுக்களைக் கொண்டு உயர்ந்தோர், தாழ்ந்தோர் என வரிசைப்படுத்த இயலாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இவ்வறிவு முதலில் யார் கையில் போய்ச் சேரும் என்பது கவலைக்குரிய கேள்வி. அமெரிக்காவில் ஒரு பெரும் இரயில் நிறுவனம், மணிக்கட்டு நோய்க்கு இழப்பீடு கேட்ட தொழிலாளரின் இரத்தத்தை அவர்கள் அறியாமல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது 2001-இல் வெளிவந்தது. அரசு ஆணையம் வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டு 22 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று. வேலைக்கமர்த்துவதில் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 2008-இல் வந்தது. காற்றைச் சுத்தப்படுத்தச் செலவாகும், ஆளை மாற்றுவதற்குச் செலவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்த தொழிற்பேட்டையில் இந்தக் கணக்கின் கவர்ச்சி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலும், மூன்றில் ஒருவரை விலக்கிவிட்டு எஞ்சியோரைப் பென்சீனில் நிற்க வைத்தாலும் அவர்களிடையேயும் நோய் வரவே செய்யும். இஸ்தான்புல்லில் நோயைக் குறைத்தது ஆள் தெரிவு அன்று.

வரையறையை யாருக்காக வகுப்பது என்பதே இங்கே உள்ள மெய்யான கேள்வி. நொதி மிகக் குறைந்த தொழிலாளியும் நோயுறாத அளவுக்குக் காற்று இருக்கவேண்டும் என்றால், மூடிய அறையில் வண்ணம் தெளிப்பதும், கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலில் கழுவுவதும், தின்னர் டப்பாவைத் திறந்து வைத்தபடி உண்பதும் நிற்கவேண்டும். உறிஞ்சு விசிறி வேண்டும். ஆண்டுக்கொரு முறை எடுக்கும் இரத்த அணு எண்ணிக்கையை முந்தைய ஆண்டின் எண்ணோடு ஒப்பிடவேண்டும். எண்ணிக்கை இயல்பு எல்லைக்குள் இருந்தாலும், அது ஆண்டுதோறும் சரிந்துவந்தால் அது செய்திதான். இதற்கு மரபணுச் சோதனை எதுவும் தேவைப்படுவதில்லை. தோலும் காலணியும் சார்ந்த நம் முதலாளிமார் பலர் இந்த ஏட்டின் வாசகர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பசை டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

எல்லைப்புறத்துக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், சென்னையோ முந்நூறுக்கும் மேல். நோயாளிகள் செல்லுமிடம் இயல்பாகவே பெங்களூருவின் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் (விடுதலைப் போராட்ட வீரரும் நடுவணரசில் உணவு அமைச்சராயிருந்தவருமான ரஃபி அகமது கித்வாயின் பெயர் தாங்கியது). ஆனால் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு எங்கே சிகிச்சை பெற்றார் என்பதைக் கொண்டு கணக்கிடுவதில்லை, எங்கே வசிக்கிறார் என்பதைக் கொண்டே கணக்கிடுகிறது. பெங்களூருவில் மருத்துவம் பெறும் ஓசூர்வாசி, 2012 முதல் மாநிலம் முழுவதையும் உள்ளடக்க முயலும் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் சேரவேண்டியவர். மருத்துவமனையில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் அவர் தம் ஊரின் கணக்கிலிருந்து நழுவிவிடுவார். ஆகவே சொந்த முகவரியையும், செய்த தொழில்களையும், ஒவ்வொன்றிலும் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்க்கைச் சீட்டில் எழுதச் சொல்வது நோயாளியின் வீட்டார் செய்யக்கூடிய காரியம். பென்சீனால் வரும் நோய்கள் நம் நாட்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோயாக நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கின்றன. தொழில் பற்றிய குறிப்பு இல்லாத கோப்பைக் கொண்டு அந்த உரிமையைக் கேட்க முடியாது.

பரம்பரை வேறுபாட்டைச் சோதித்துப் பார்ப்பது மெய்யாகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு, அது நோய் வந்த பிறகு. நச்சை வெளியேற்றும் அதே இயந்திரம்தான் மருந்தையும் வெளியேற்றுகிறது. மயலாய்டு இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளில் டி.1 இல்லாதவர்கள் சிகிச்சையின் நச்சு விளைவால் கூடுதலாக இறந்தனர் என்று 2001-இல் ஓர் அமெரிக்க ஆய்வு எழுதியது. நிணநீரணு வகைக்கு ஈராண்டுக்கும் மேலாக அன்றாடம் கொடுக்கப்படும் மெர்காப்டோபியூரின் மாத்திரையை உடலில் அடக்குபவை டி.பி.எம்.டி., நியூட்15 என்ற இரு நொதிகள். பிந்தையதன் குறை ஐரோப்பியரில் அரிது, ஆசியரிடையே பரவலானது. இது 2014-க்குப் பின்னரே தெரியவந்தது. ஆகவே மேலைநாட்டு அளவுப்படி மாத்திரை கொடுத்து, பிள்ளையின் வெள்ளணுக்கள் அடியோடு சரிந்து, சிகிச்சையை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்த காலம் இங்கே இருந்தது. இரு பிரதிகளிலும் மாற்றம் உடைய பிள்ளைக்கு வழக்கமான அளவின் சிறு பகுதியே போதுமானது. மாத்திரை தொடங்குமுன் இச்சோதனையைச் செய்ய வாய்ப்புண்டா என்று மருத்துவரிடம் பெற்றோர் கேட்கலாம்.